பாட்டு பிடிக்கிறது, பேச்சு பிடிக்கவில்லை. ரசிகன் என்ன செய்வது?

மாடவீதி எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் ரசிகன். மூத்த வித்வான் செம்மங்குடி இருந்த காலத்திலேயே, இவர் மதியக் கச்சேரி பாடிக்கொண்டிருந்தபோதே கேட்க ஆரம்பித்தவன். சௌக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒரு கீர்த்தனையை எடுத்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சங்கதியாக அவர் வைக்கும்போது ஹாலில் இருமல்கூட நின்றுவிடும். வர்ணத்தை முதலில் பாடாமல் கச்சேரியின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். தானே பாடி முடித்துவிட்டு வயலினுக்கு விடும் வழக்கத்தைக் கலைத்தார். பலர் திட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பழகிப்போன காது திடீரென்று விழித்துக்கொள்ளும் சுகம் அதில் இருந்தது.

மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் எனக்குச் சிக்கல். 2015ல் சென்னையின் டிசம்பர் இசை சீசனில் பாடமாட்டேன் என்று அறிவித்தார். அதே ஆண்டு எம்.எஸ். சுப்புலட்சுமி பற்றி கேரவன் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். எண்ணூர் கழிமுகத்துக்காக அவர் பாடி 2017ல் வந்த பொறம்போக்குப் பாட்டை நானே பலருக்கு அனுப்பினேன், அது வேறு விஷயம். ஆனால் சபாவைப் பற்றியும் ரசிகர்களைப் பற்றியும் அவர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நல்ல தோடி ராகம் கேட்க வந்த என்னை எழுப்பி நிறுத்தி விசாரிப்பது போல இருக்கிறது. நான் யாரையும் வெளியே தள்ளி கதவைச் சாத்தியவன் இல்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன்.

2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி தன் உயர்ந்த விருதான சங்கீத கலாநிதியை அவருக்கு அறிவித்ததும் நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த விருது பெறுபவர்தான் அந்த ஆண்டு அகாடமி மாநாட்டுக்குத் தலைவர். பாடகிகள் ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள் அந்த ஆண்டு மாநாட்டிலிருந்தே விலகினார்கள். திருச்சூர் சகோதரர்கள், விசாகா ஹரி, துஷ்யந்த் ஸ்ரீதர் என்று வரிசையாக விலகினார்கள். சித்ரவீணா ரவிகிரண் தான் வாங்கிய கலாநிதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அந்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் நான் எதேச்சையாக அவருடைய பழைய பேகடா ராகப் பதிவு ஒன்றைப் போட்டேன். பத்து நிமிடத்தில் சித்தப்பா, "நீயும் அந்தக் கட்சியா?" என்று கேட்டார். அலுவலக நண்பர் ஒருவரிடம் எம்.எஸ். கட்டுரை எனக்கு உடன்பாடில்லை என்று சொன்னேன். அவர், "அப்போ நீங்களும் அந்த ஆட்கள்தானா?" என்றார். பேகடா எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரு பாடகர் பாடினால் போதாதா? அவருக்குக் கருத்து இருக்கலாம், எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் அவர் பேசப் பேச, நான் எதையும் சுமக்காமல் அவரைக் கேட்ட நாட்கள் போய்விட்டன. கொஞ்சம் பேசாமல் இருங்களேன் என்று ஒரு ரசிகன் ஆசைப்பட்டால் அது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரியா?


கடைசிவரிசை எழுதியது:

மாடவீதி சார், கையைக் கொடுங்கள். இதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாட்டுக்காரர் பாட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிருஷ்ணா பேசினால் அது துணிச்சல், ரஞ்சனி காயத்ரி ஒரு கடிதம் எழுதினால் அது வெறுப்பு என்று எழுதினார்கள். அவர்கள் யாரையும் தடுக்கவில்லை. தங்களுக்கு ஒதுக்கியிருந்த டிசம்பர் 25 கச்சேரியைத் தாங்களே விட்டார்கள். அகாடமி மேடையை விடுவது ஒரு வித்வானுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஈ.வெ.ரா.வைப் போற்றுகிறவர் தலைமை தாங்கும் மாநாட்டில் எங்களால் பாட முடியாது என்றார்கள். அதுவும் கருத்துதானே?


வெண்பா_திருச்சி எழுதியது:

கருத்துச் சுதந்திரம் என்ற சொல்லை இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இழுக்கிறீர்களே என்று வருத்தமாக இருக்கிறது.

2015 அக்டோபர் 30, விடிவதற்கு முன் எங்கள் ஊரில் மக்கள் பாடகர் கோவன் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாட்டுப் பாடியதுதான் குற்றம். முதலமைச்சரைப் பாட்டில் இழுத்தார் என்பதற்காக 124ஏ, அதாவது தேசத்துரோகப் பிரிவு. பறையும் குரலும் மட்டுமே வைத்திருந்த ஒரு மனிதரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிறகுதான் ஜாமீன் கிடைத்தது. 2018ல் மறுபடியும் கைது.

அந்தப் பாட்டு எனக்கு இசையாகப் பெரிதாகப் பிடித்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பேகடாவை நிம்மதியாகக் கேட்க முடியவில்லை என்ற உங்கள் குறை எனக்குப் புரிகிறது அண்ணா. அதை ஒரு ரசிகனின் மனவருத்தம் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பெயர் வைக்காதீர்கள்.


டெக்சாஸ்வாசி எழுதியது:

நான் டாலஸில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். இந்த விவாதத்தைப் படிக்கும்போது நான் இங்கே வந்த புதிதில் கண்ணால் பார்த்தது நினைவுக்கு வருகிறது. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

டிக்ஸி சிக்ஸ் என்று மூன்று பெண்கள். இந்த மாநிலத்துக்காரர்கள், கன்ட்ரி இசையில் அன்றைக்கு உச்சத்தில் இருந்தவர்கள். 2003 மார்ச் 10, ஈராக் போருக்குச் சில நாட்கள் முன்பு, லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் பாடினார்கள். பாட்டுகளுக்கு இடையில் அவர்களில் ஒருவரான நாடலி மேன்ஸ் சொன்ன ஒரு வாக்கியம்: அதிபர் டெக்சாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம். ஒரு பத்திரிகை விமர்சனத்தில் அது வெளிவந்தது, அப்புறம் இங்கே தீப்பிடித்தது. அப்போது அவர்களுடைய பாட்டு ஒன்று கன்ட்ரி தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. போருக்குப் போன ஒரு சிப்பாயைப் பற்றிய பாட்டு அது. சரசரவென்று கீழே இறங்கியது. கியூமுலஸ் என்ற கம்பெனி தன்னுடைய 42 கன்ட்ரி வானொலி நிலையங்களில் ஒரு மாதத்துக்கு அவர்களை ஒலிபரப்பவே கூடாது என்று தடுத்தது. கொலராடோவில் தடையை மீறி அவர்கள் பாட்டைப் போட்ட இரண்டு அறிவிப்பாளர்களை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். லூசியானாவில் குறுந்தகடுகளைக் குவித்து டிராக்டரை ஏற்றினார்கள். ஜூலையில் டாலஸ் கச்சேரிக்கு முன் நாடலிக்குக் கொலை மிரட்டல் கடிதம், நாளும் இடமும் குறிப்பிட்டு. போலீஸ் காவலோடு வந்து பாடிவிட்டுப் போனார்.

என்னுடன் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் தங்களிடம் இருந்த குறுந்தகடுகளைக் குப்பையில் போட்டார்கள். அதைத் தப்பு என்று நான் அன்றும் சொல்லவில்லை. மகன் படையில் இருக்கிறான், அவன் போகப்போகும் வாரத்தில் தனக்குப் பிடித்த பாடகி இப்படிச் சொல்கிறாள். அந்தத் தாய்க்கு வலிக்காதா? அவர் தகட்டை எறிந்தால் அது அவர் உரிமை. அந்தக் கம்பெனி 42 நிலையங்களிலும் அவர்களைத் தடுத்தபோது என்ன நடந்தது என்றால், கேட்க ஆசைப்பட்டவர்களுக்கும் சேர்த்து வேறு யாரோ முடிவு எடுத்தார்கள். எனக்குக் கோடு அங்கேதான் விழுகிறது.

அந்த மே மாதம் தென் கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊரில் அவர்களுடைய சுற்றுப்பயணம் தொடங்கியது. நாடலி மேடையில் நின்று, கத்தித் திட்ட வந்தவர்கள் இருந்தால் திட்டுங்கள், 15 விநாடி தருகிறேன் என்றார். அரங்கம் முழுவதும் கைதட்டியது. கேட்பவனுக்கும் ஒரு குரல் இருக்கிறது, அதற்கும் இடம் உண்டு என்று ஒரு பாடகி மேடையிலேயே ஒப்புக்கொண்டதாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன். மாடவீதி அண்ணாவுக்குக் கிடைக்காமல் போனது அந்த 15 விநாடியோ என்று தோன்றுகிறது.


மாடவீதி எழுதியது:

டெக்சாஸ்வாசி, நன்றி. கடைசி வரி என்னைப் பிடித்துக்கொண்டது.

வெண்பா, கோவன் கைதானபோது நானும் கோபப்பட்டேன். யாரையும் பிடித்து உள்ளே போடுங்கள், மேடையை மறுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். 2018 நவம்பரில் டெல்லியில் விமான நிலைய ஆணையமும் ஸ்பிக் மேக்கே என்ற கலை அமைப்பும் சேர்ந்து நடத்தவிருந்த விழாவில் கிருஷ்ணா பாடக்கூடாது என்று இணையத்தில் கும்பல் கூச்சல் போட்டது, விழாவையே தள்ளிவைத்தார்கள். பிறகு டெல்லி அரசு அவரை அழைத்துப் பாடவைத்தது. அப்போது அவர் பக்கம் நின்று எங்கள் வீட்டில் சண்டை போட்டவன் நான். அதனால் என்னை எந்தக் கும்பலிலும் சேர்க்க வேண்டாம்.

என் கேள்வி வேறு. ஒருவர் பேச உரிமை உள்ளவர் என்று ஒப்புக்கொண்ட பிறகும், அவர் பேசியது என்னைக் காயப்படுத்தியது என்று சொல்ல எனக்கு இடம் இருக்கிறதா? அதைச் சொன்ன உடனே என்னை ஏன் ஒரு முகாமில் அடைக்கிறீர்கள்?


சாவேரி_டீச்சர் எழுதியது:

பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். "பாட்டுக்காரர் பாடினால் போதும்" என்று கடைசிவரிசை எழுதியதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

எந்தக் காலத்தில் அவர்கள் வெறுமனே பாடினார்கள்? கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் ஊர் ஊராகப் பாடி ஓட்டுக் கேட்டவர். பிறகு மேலவை உறுப்பினராகவே ஆனார். டி.கே. பட்டம்மாள் வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே கச்சேரியில் பாரதி பாட்டைப் பாடினார். சுதந்திரம் வந்த நாளில் வானொலியில் "ஆடுவோமே" பாடியதும் அவர்தான். அன்றைக்கும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சர்க்கார் உத்தியோகஸ்தர் யாராவது, இந்தப் பெண்ணுக்கு எதற்கு அரசியல், நல்ல காம்போஜி பாடலாமே என்று முணுமுணுத்திருப்பார். 1941ல் தமிழிசைக்காக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தீர்மானம் போட்டபோது அகாடமி எதிர்த்து நின்றது. எந்த மொழியில் பாடுவது என்பதே அரசியலாக இருந்த ஊரில், இசையை அரசியலிலிருந்து தனியாகப் பிரித்து வை என்றால் எப்படி?

இவ்வளவு சொன்னேன், அதற்காக நான் கிருஷ்ணாவின் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.எஸ். கட்டுரை எனக்கு ஆறாத கோபம். தேவதாசி மரபில் பிறந்த ஒரு பெண் எப்படி பிராமண இல்லத்தரசி என்ற பிம்பத்துக்குள் கொண்டுவரப்பட்டார், அதில் அவருடைய இசை என்ன ஆயிற்று என்று கிருஷ்ணா அலசுகிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எம்.எஸ். அம்மாள் தானே எடுத்த முடிவுகள் என்று எதுவுமே இல்லையா? மதுரையிலிருந்து அந்த வயதில் தனியாகச் சென்னைக்குக் கிளம்பி வந்த பெண்ணை, மற்றவர்கள் வனைந்த பொம்மை மாதிரி எழுதினால் எனக்கு ஒப்பவில்லை. 1968ல் அகாடமியின் கலாநிதி வாங்கிய முதல் பெண் அவர். அந்த நாற்காலியில் உட்கார அவர் எதையெல்லாம் விழுங்கியிருப்பார் என்று பாடுகிற பெண்களுக்குத் தெரியும்.

இந்தக் கோபத்தை என் மாணவிகளிடம் சொல்கிறேன். அடுத்த வகுப்பில் கிருஷ்ணா பாடிய பதிவைப் போட்டுக் கேட்கவும் வைக்கிறேன். ராகத்தை அப்படி இழைக்க வேறு யாரிடம் கற்பார்கள்?

2018 ஆகஸ்டில் கர்நாடக சங்கீதக்காரர்கள் கிறிஸ்தவப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று கிளம்பிய சர்ச்சையையும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பாடகர் ஓ.எஸ். அருண் தன் நிகழ்ச்சியை ரத்து செய்தார். மாதம் ஒரு பாட்டு, ஏசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று கிருஷ்ணா அறிவித்தார். அந்தச் சமயம் ஒரு சபா செயலாளர் எனக்கு போன் செய்து, உங்கள் மாணவி போன வருடம் மாதா கோயிலில் பாடினாளாமே, இந்த வருடம் அவளுக்கு இடம் இல்லை என்றார். பதினேழு வயசுப் பெண். அவள் எந்தக் கட்டுரையும் எழுதவில்லை, எந்த மேடையிலும் பேசவில்லை. பெரிய பெயர் உள்ளவர் பேசினால் அவருக்குத் திட்டும் கிடைக்கும், கைதட்டும் கிடைக்கும். சத்தமில்லாமல் இடம் பறிபோவது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு.


கடைசிவரிசை எழுதியது:

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு நடந்தது அநியாயம். மறுபேச்சு இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2022 ஏப்ரலில் இளையராஜா ஒரு புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார், அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு. ஞாபகம் இருக்கிறதா? அன்று அவரைப் பேசாத பேச்சில்லை. ராஜா இசையோடு நிற்கட்டும், அரசியல் அவருக்கு எதற்கு என்று எழுதியவர்கள் யார்? இன்று கிருஷ்ணாவுக்குக் கருத்துச் சுதந்திரம் கேட்கும் அதே நண்பர்கள்தான். ஜூலையில் மாநிலங்களவை நியமனம் வந்ததும், இதற்காகத்தான் எழுதினார் என்று முடிவே கட்டினார்கள். நமக்குப் பிடித்ததைப் பேசினால் கலைஞனின் மனசாட்சி, பிடிக்காததைப் பேசினால் வாயை மூடிக்கொண்டு ஹார்மோனியத்தை வாசி. இது எனக்கு ஒத்துவரவில்லை.


வெண்பா_திருச்சி எழுதியது:

கடைசிவரிசை சொல்வதில் உண்மை இருக்கிறது. என் நண்பர்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள். நான் அன்று எழுதியது, இந்த ஒப்பீட்டை ஏற்கமாட்டேன், காரணம் இதுஇது என்று. இசையோடு நில் என்று எழுதவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, அண்ணனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்து வளர்ந்தவரிடம் போய், உனக்கு அரசியல் எதற்கு என்று எப்படிக் கேட்பது? அவர் கருத்தோடு மோதுவதுதான் மரியாதை. பேசாதே என்பது அவரைச் சின்னப் பிள்ளையாக்குவது.

அதே மரியாதையைக் கிருஷ்ணாவுக்கும் கொடுங்கள் என்கிறேன். ரஞ்சனி காயத்ரி கடிதத்துக்கும் கொடுக்கத் தயார். அவர்கள் விலகியது அவர்கள் உரிமை. பெரியாரைப் பற்றி அதில் எழுதியிருந்தவை எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை, அதைச் சொல்வது என் உரிமை.


பண்ருட்டிக்காரன் எழுதியது:

நான் இங்கே படிக்க மட்டும் வருகிறவன். எங்கள் பக்கம் பலாக் கட்டை மிருதங்கத்துக்குப் போகும். அப்பாவுக்கு அந்த வியாபாரம் கொஞ்சம் உண்டு.

கட்டையைக் கடைந்து, மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வாங்கிப் பதப்படுத்தி, மூட்டு கட்டி, சாதம் என்ற கருப்புப் பசையை ஏற்றிக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். வாசிக்கிறவர் பெயர் உலகத்துக்கே தெரியும். செய்தவர் பெயரைக் கச்சேரியில் யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் கிருஷ்ணா புத்தகம் எழுதினார். அது 2020 பிப்ரவரியில் வெளியாவதாக இருந்தது. கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தந்தது. பத்திரிகையில் ஒரு பகுதி வந்ததும், அரசியல் சாயல் இருக்கிறது என்று இல்லை என்றுவிட்டது. பிறகு ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் வெளியிட்டார்கள்.

மாடவீதி ஐயா, நீங்கள் நிம்மதியாகக் கேட்ட அந்தக் காலத்திலும் அந்தத் தோல் மேடையில்தான் இருந்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால் உங்கள் நிம்மதி கெட்டிருக்காது, சரி. எங்கள் ஆட்கள் பேரும் வெளியே வந்திருக்காது. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.


நெறியாளர்:

2024 டிசம்பர் 25 அன்று அகாடமியில் கிருஷ்ணா பாடிய கச்சேரிக்கு வந்தவர்களின் சாதியைக் கணக்கெடுக்க முயன்ற மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதம் நன்றாகப் போகிறது, அதைக் கெடுக்க வேண்டாம்.


வக்கீல்_மேசை எழுதியது:

ஒரு விவரத்தைச் சரியாக வைத்துவிட்டுப் போகிறேன், ஏனென்றால் எங்கு பார்த்தாலும் குழப்பி எழுதுகிறார்கள்.

அகாடமி கொடுக்கும் சங்கீத கலாநிதியை நீதிமன்றம் தடுக்கவே இல்லை. வழக்கு, கலாநிதி பெறுபவருக்கு இந்து நாளிதழ் 2005 முதல் எம்.எஸ். பெயரில் கொடுத்துவந்த ஒரு லட்ச ரூபாய் விருதைப் பற்றியது. எம்.எஸ். அம்மாளின் பேரன் வழக்குப் போட்டார். 1997ல் அம்மாள் எழுதிய உயிலில் தன் பெயரில் அறக்கட்டளை, நினைவுச்சின்னம், சிலை எதுவும் கூடாது என்று இருக்கிறது. அதை வைத்துத்தான் 2024 நவம்பர் 19ல் நீதிபதி ஜெயச்சந்திரன், அவர் பெயரில் இந்த விருதைக் கொடுக்கக் கூடாது என்றார். டிசம்பர் 13ல் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. 15ஆம் தேதி விருது கொடுக்கப்பட்டது. 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கிருஷ்ணா தன்னை அந்த விருது பெற்றவராகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2025 ஜனவரி 1ல் அகாடமியின் பட்டமளிப்பு விழாவான சதஸில் கலாநிதி பட்டத்தை வாங்கினார். அதற்கு ஒரு தடையும் இல்லை.

அடுத்தது 19(1)(ஏ), அரசியலமைப்பின் கருத்துச் சுதந்திரப் பிரிவு. அது அரசுக்குப் போட்ட கடிவாளம். அகாடமி தனியார் அமைப்பு, யாரை அழைப்பது என்பது அவர்கள் விருப்பம். யார் விலகினாலும் அதுவும் விருப்பம். ஆனால் கலாக்ஷேத்ரா மத்திய அரசின் கலாச்சார அமைச்சகத்தின் கீழ் வருவது, விமான நிலைய ஆணையம் பொதுத்துறை. இந்த இரண்டும் ஒருவருடைய கருத்துக்காகக் கதவை மூடினால், அதைச் சபாக்களின் விருப்பத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. கோவன் வழக்கு எல்லாவற்றையும்விடக் கடுமையானது, அங்கே அரசு நேரடியாகச் சிறையோடு வந்தது.

ரசிகருக்கு எங்கே இடம் என்று மாடவீதி கேட்கிறார். 2016ல் பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கி எறி, படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதே பெருமாள்முருகனின் வரிகளைத்தான் கிருஷ்ணா பிறகு மேடையில் பாடினார்.


கானா_பிரியா எழுதியது:

எல்லோரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு ஆதங்கம்.

2024 நவம்பரில், அதாவது கிருஷ்ணா வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் இசைவாணி பல வருடம் முன்பு பாடிய ஐயப்பன் பாட்டைத் தோண்டி எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. போலீஸில் புகார்கள் வேறு. அவருக்காக எந்தச் சபா ரசிகர் நீண்ட பதிவு எழுதினார்? பாடகி சின்மயி 2018ல் மீ டூ இயக்கத்தின்போது பேசினார், டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார், வருடக்கணக்கில் தமிழில் அவர் குரலே குறைந்துபோனது. 2025ல் ஒரு இசை வெளியீட்டு மேடையில் வேறொருவர் பாடிய பாட்டை அவர் பாடினார், அப்போதுதான் இந்தக் குரலை ஏன் இத்தனை நாள் இழந்தோம் என்று ஊரே கேட்டது.

பேசுகிற இசைக்கலைஞர்களால் ரசிகனுக்கு என்ன நஷ்டம் என்று இந்த இழை ஆரம்பித்தது. பேசியவர்களை ஒதுக்கியதால் ரசிகனுக்கு எத்தனை பாட்டு நஷ்டம் என்றும் யாராவது பாருங்கள்.


மாடவீதி எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

பண்ருட்டிக்காரன் தம்பி எழுதியதற்கு என்னிடம் பதில் கிடையாது. அந்தப் பெயர்கள் வெளியே வந்தது நல்லது. அதற்காக என் கேட்கும் சுகம் கெட்டது என்றால், கெடட்டும். இதை முழு மனதோடு சொல்கிறேன்.

ஆனால் என் ஆதங்கத்தையும் நான் கைவிடவில்லை. கிருஷ்ணாவின் பேச்சில் இரண்டு வகை இருக்கிறது. மிருதங்கம் செய்பவர்கள், எண்ணூர் மீனவர்கள், ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த விழா, இவையெல்லாம் எனக்குத் தெரியாத உலகத்தைக் காட்டின. அது கேட்பவனைப் பெரியவனாக்குகிற பேச்சு. இன்னொன்று, ஹாலில் இருக்கும் எங்களைப் பற்றி, எங்களிடம் ஒன்றும் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லும் பேச்சு. எம்.எஸ். பற்றி டீச்சர் சொன்னதும் அதுதான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்குச் சொந்த முடிவு இருந்திருக்கலாம் என்ற இடத்தை அந்தப் பேச்சு விடுவதில்லை. இதை நான் எதிர்க்கிறேன். எதிர்க்கும்போது என் பக்கத்தில் வந்து நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அவர்களுக்கு அவர் கருத்தோடு சண்டை இல்லை, அவர் பாடவே கூடாது. அந்தக் கூட்டத்துக்குப் பயந்து என் எதிர்ப்பை விழுங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

2024 டிசம்பர் 25 அன்று கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்து அகாடமியில் பாடினார் அல்லவா, அன்று நான் போகவில்லை. யார் என்ன நினைப்பார்கள் என்ற ஒரே காரணம். இந்த முறை சென்னையில் எங்கே பாடினாலும் டிக்கெட் வாங்கிப் போகப்போகிறேன். எம்.எஸ். கட்டுரை பற்றி அவருக்கு ஒரு கடிதமும் எழுதுகிறேன், என் பெயரையும் விலாசத்தையும் போட்டு. டீச்சர், நீங்கள் சொன்ன காரணங்களை அதில் சேர்த்துக்கொள்ளலாமா?


சாவேரி_டீச்சர் எழுதியது:

தாராளமாக. மதுரையிலிருந்து கிளம்பி வந்ததை அழுத்தமாக எழுதுங்கள். பட்டம்மாள் பாட்டையும் வசந்தகோகிலம் பாட்டையும் கேட்டுவிட்டு அவரை எழுதச் சொல்லுங்கள், அந்தக் காலப் பெண்கள் எவ்வளவு விதமாகத் தங்கள் வழியைப் போட்டார்கள் என்று தெரியும். அவர் பதில் எழுதினால் இங்கே போடுங்கள்.


கடைசிவரிசை எழுதியது:

மாடவீதி சார், நான் வரமாட்டேன். பெரியாரைப் பற்றிய பாட்டை அவர் பாடியதை என்னால் மறக்க முடியவில்லை, அந்த மனதோடு வந்து முன்னால் உட்கார்ந்து கைதட்டினால் அது பொய். அன்று சாயங்காலம் ரஞ்சனி காயத்ரி எங்கே பாடுகிறார்கள் என்று பார்த்து அங்கே போகிறேன். நீங்கள் போய்விட்டு வந்து ராகம் ராகமாக எழுதுங்கள், படிக்கிறேன். கடிதத்தில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.